ஊசியை நிறுத்திய பிறகு...

போன மாதம் எங்கள் வீட்டில் என் பெண்ணுக்கு வளைகாப்பு. திருச்சியில் இருக்கும் என் தங்கையை நேரில் போய் அழைத்துவிட்டு வந்தேன். "கட்டாயம் வந்துடறேன்க்கா" என்றவள், அன்று காலையில், "தலைவலி, எழுந்திருக்கவே முடியலை" என்று போன் செய்தாள். பெற்ற பெண்ணைப் போலத் தூக்கி வளர்த்த சித்தி வளையல் அடுக்க வரவில்லையே என்று எனக்குக் கோபமான கோபம்!

மறுவாரம் பட்சணப் பையோடு நானே போனேன். கட்டில் நிறைய ரவிக்கைகள் இறைந்து கிடந்தன. ஒன்றுகூடக் கை ஏறவில்லையாம்.

"எட்டு மாசத்துல 13 கிலோ குறைச்சேன்க்கா. நிறுத்தி ஆறு மாசம்கூட முழுசா ஆகலை, 9 கிலோ திரும்பிடுச்சு. 'என்னடி, பழையபடி ஆயிட்டே'ன்னு எல்லாரும் கேப்பாங்க. எந்த மூஞ்சியோட வருவேன்?" என்று அழுதாள்.

அவள் போட்டுக்கொண்டது வாரம் ஒரு முறை போடும் எடை குறைப்பு ஊசி. டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் செலவு கொஞ்சமில்லை. பையனுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டி வந்ததும், "எடைதான் குறைஞ்சாச்சே, இனி எதுக்கு?" என்று டாக்டரிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். 'வாயைக் கட்டியிருக்க மாட்டாள்' என்றுதான் எனக்கும் மனதுக்குள் பட்டது. மறுநாள் அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போன பிறகுதான், நான் நினைத்தது எத்தனை தவறு என்று புரிந்தது.

பசி ஏன் திரும்புகிறது?

நாம் சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சேதி சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. ஆனால் அது சில நிமிஷங்களிலேயே கரைந்துவிடும். செமாகுளூடைட், டிர்ஸெபடைட் போன்ற மருந்துகள் அதே வேலையை நாள் கணக்கில் செய்கின்றன. அதனால்தான் இரண்டு இட்லியோடு கை தானாக நின்றுவிடுகிறது.

ஊசியை நிறுத்தினால் மருந்து ஒரே நாளில் போய்விடாது. செமாகுளூடைட் உடம்பை விட்டு முழுவதும் நீங்க ஐந்து வாரங்கள்போல் ஆகும். பசி மெல்ல மெல்லத் திரும்பி வரும். இன்னொன்றும் உண்டு. உடம்பில் கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்ற ஹார்மோனும் குறையும். மூளை அதைப் பஞ்ச காலம் என்று எடுத்துக்கொள்கிறது! பசியைக் கூட்டி, உடம்பு செலவழிக்கும் சக்தியைக் குறைத்துவிடுகிறது. இழந்ததை மீட்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது. என் தங்கையின் நாக்கு மட்டுமா குற்றவாளி?

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

செமாகுளூடைட் பற்றிய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2022-ல் வெளிவந்தது. 68 வாரங்கள் போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 17 சதவிகிதம் எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. 80 கிலோ இருந்தவர் 66-க்கு இறங்கி, மீண்டும் 75-ஐத் தாண்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரத்த அழுத்தம் போன்றவற்றில் கண்ட நன்மைகளும் பெரும்பாலும் பழைய நிலையை நோக்கித் திரும்பின.

டிர்ஸெபடைட் ஆராய்ச்சி 2023-ல் வந்தது. 36 வாரங்கள் எல்லோருக்கும் மருந்து. பிறகு பாதிப் பேருக்கு, அவர்களுக்குத் தெரியாமலே, மருந்தில்லாத வெறும் ஊசி! சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை இரு பிரிவினருக்கும் ஒன்றேதான். அப்படியும் வெறும் ஊசி போட்டவர்களுக்கு எடை ஏறியது. மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு இன்னும் குறைந்தது. குறைந்த எடையில் ஐந்தில் நான்கு பங்கையாவது காப்பாற்றிக்கொண்டவர்கள், வெறும் ஊசிப் பிரிவில் நூற்றுக்குப் பதினேழு பேர்தான்.

"பிரஷர் மாத்திரையை நிறுத்தினா பிரஷர் ஏறும். அதை யாராவது ஒழுக்கக் குறைவுன்னு சொல்றோமா?" என்று டாக்டரம்மா கேட்டபோது என் முகம் சுருங்கிவிட்டது.

பிரஷர் என்றதும்தான் சொல்ல வேண்டும். அன்று என் தங்கைக்கு 160/100! எடை குறைந்ததும் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். எடை திரும்பியதுகூட டாக்டருக்குத் தெரியாதபோது, மாத்திரையைத் திரும்ப யார் எழுதுவார்கள்? வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருந்ததில் அவளுக்கு நேர்ந்த உண்மையான ஆபத்து இதுதான்.

சகோதரிகள் கவனிக்க வேண்டியவை

* ஆரம்பிக்கும் முன்பே, "எத்தனை நாள்? நிறுத்தினால் என்ன செய்வது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். செலவு தாங்குமா என்று வீட்டில் கலந்து பேசுங்கள்.

* நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் நிறுத்திய பிறகும் அவற்றைத் தவறாமல் சோதித்துக்கொள்ள வேண்டும்.

* சில வாரங்கள் விட்டுப்போனால், மீதமிருக்கும் ஊசியைப் பழைய அளவிலேயே எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். வாந்தியும் வயிற்றுக் கோளாறும் படுத்தி எடுத்துவிடும். குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். அடுத்த வீட்டுக்காரருக்குத் தானமும் வேண்டாம்!

* குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் செமாகுளூடைட்டை இரண்டு மாதங்களாவது முன்னதாக நிறுத்திவிட வேண்டும். டிர்ஸெபடைட், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடவே கூடாது.

* எடையோடு தசையும் கரைகிறது. பருப்பு, சுண்டல், மோர், முட்டை என்று ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை இருக்கட்டும். மாடிப்படி ஏறுவது, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சிகளை ஊசி போடும் காலத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். கோபன்ஹேகன் நகரில் லிராகுளூடைட் ஊசியை வைத்து நடந்த ஆராய்ச்சியில், மருந்தோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள், நிறுத்திய ஒரு வருஷத்துக்குப் பிறகும், மருந்தை மட்டும் நம்பியவர்களைவிட எடையை நன்றாகக் காத்துக்கொண்டார்கள்.

* வாரம் ஒரே நாள் எடை பாருங்கள். இரண்டு, மூன்று கிலோ ஏறியதுமே டாக்டரிடம் போங்கள். ஒன்பது கிலோ ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பணத்தைக் கொட்டியும் பழையபடிதானா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் என் தங்கை டாக்டரிடம்கூடப் போகாமல் இருந்தாள்.

இப்போது பிரஷர் மாத்திரையைத் திரும்பவும் சாப்பிடுகிறாள். ஊசி மீண்டும் வேண்டுமா என்பதை அடுத்த மாதம் டாக்டரம்மாவோடு பேசி முடிவு செய்வார்கள். காலையில் அவளும் கணவரும் சேர்ந்து நடக்கிறார்கள். ரவிக்கைகளைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்தாயிற்று.

என் பேரனோ பேத்தியோ பிறந்ததும் தொட்டில் போடுவதற்கு முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறாள். யாராவது எடைப் பேச்சை எடுத்தால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்!