இரவல் திண்ணையும் பங்குக் கிணறும்

மானிப்பாய் என்றதும் மருதடி விநாயகரின் சித்திரைத் தேரும், கிறீன் வைத்தியரின் ஆஸ்பத்திரியும் எம்மவர் நினைவுக்கு வருவது இயல்பே. இவ்வூருக்கு மற்றுமொரு பெருமை உண்டென்பதை இளையோர் பலர் அறியார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத் தமிழரின் எழுத்து அச்சேறிய இடங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று மானிப்பாய்.

அந்த அச்சுப்பொறி எளிதில் இங்கு வந்துவிடவில்லை. 1820ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் கரற் என்னும் அச்சாளர் வந்தார். அன்றைய ஆங்கில ஆட்சி அவரை இத்தீவில் தங்க விடவில்லை. அச்சாளர் பம்பாய்க்குப் போனார். அமெரிக்க மிஷன் அச்சகம் மானிப்பாயில் நிலைகொண்டது 1834ஆம் ஆண்டிலேதான். அதன்பின் காரியம் விரைவாக நடந்தது. 1841 ஜனவரியில் 'உதயதாரகை' பத்திரிகை தோன்றியது. அதன் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் பெயரால் அந்நியர் போலத் தோன்றினும் தமிழரே. மறு ஆண்டில், 58,500 சொற்களைக் கொண்ட 'மானிப்பாய் அகராதி' வெளிவந்தது. அதற்காக உழைத்தவர்களுள் உடுவில் சந்திரசேகர பண்டிதர் முக்கியமானவர்.

பொறி பிறர் கொணர்ந்தது, சொற்களோ எம்முடையவை. புதிய கருவி வந்தபோது எம் முன்னோர் அதனை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அதற்குள் தம் மொழியை வைத்தனர். இன்று எம் கையில் இருக்கும் புதிய அச்சுப்பொறி இணையம். அதற்குள் நாம் எதனை வைத்தோம்? எங்கே வைத்தோம்? வைத்தது நாளை கிடைக்குமா? இவையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியவை.

வலை பிறந்த கதை

இணையத்தின் மீது உலகளாவிய வலையை அமைக்கும் திட்டத்தை டிம் பேர்னேர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் 1989இல் முன்வைத்தார். அப்போது அவர் ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்தார். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி அந்நிலையம் அவ்வலையின் நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. உலகத்துக்கு வழங்கப்பட்ட பெருங்கொடைகளுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

அந்தப் பொது வீதியின் இருமருங்கிலும் கடைகள் எழுந்தன. 1994இல் யாஹூ, 1998இல் கூகிள், 2004இல் முகநூல் என ஒவ்வொன்றாகத் தோன்றின. இவற்றைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். எம் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. இக்கம்பனிகள் எம்மிடம் காசு கேட்பதில்லை. மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய் விற்பவர் காய்க்கு விலை வாங்குகிறார். இவர்களோ எம் கண் எதில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கணக்கிட்டு, அந்தப் பார்வையை விளம்பரம் செய்வோருக்கு விற்கின்றனர். எம்மை நீண்ட நேரம் இருத்திவைப்பதே அவர்களுக்கு இலாபம்.

ஆயினும் அவர்களைக் குறை கூறிவிட்டு அப்பாற் செல்வது நன்றியாகாது. போரினால் சிதறுண்ட எம் குடும்பங்களை நோக்குங்கள். ரொறன்ரோவில் இருக்கும் பேரன் யாழ்ப்பாணத்து அம்மம்மாவின் முகத்தை நாள்தோறும் பார்க்கிறான். கடிதம் ஒன்று வர மாதக்கணக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். கைத்தொலைபேசியில் தமிழ் எழுத்துத் தடையின்றித் தோன்றுவதிலும் பெருங் கம்பனிகளின் பங்கு உண்டு.

திண்ணை எவருடையது?

ஆனால், திண்ணையில் அமர இடம் தந்தவர் வீட்டின் உரிமையைத் தந்துவிடவில்லை. இது நாம் மறந்துபோகும் உண்மை.

ஜியோசிற்றீஸ் என்றொரு தளம் இருந்தது. எவரும் இலவசமாகப் பக்கம் அமைக்கலாம் என்பதால் தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் அங்கே குடியேறின. யாஹூ அதனை 1999இல் விலைக்கு வாங்கி, 2009 ஒக்டோபரில் மூடியது. எம் இளைஞர் ஒருகாலத்தில் கூடியிருந்த ஓர்க்குட் 2014 செப்ரெம்பரில் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. மூன்றிலும் நடந்தது ஒன்றே. வீட்டுக்காரர் படலையைப் பூட்டினார்; உள்ளே இருந்த பொருளை முன்னரே எடுத்துச் செல்லாதவர் இழந்தார்.

கம்பனி மூடாவிடினும் அரசு மூடலாம். 2018 மார்ச்சில் கண்டிப் பகுதிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் கிளர்ச்சியின்போதும் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. வதந்தி பரவுமென்ற அச்சம் முதலிரு வேளைகளிலும் காரணமாகக் கூறப்பட்டது. வதந்தியின் கொடுமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1820இல் ஓர் அச்சாளரைத் திருப்பியனுப்ப முடிந்ததுபோலவே, இன்றும் ஓர் ஆணையினால் ஒரு நாட்டின் பேச்சை நிறுத்த முடிகிறது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பங்குக் கிணற்றின் முறை

யாழ்ப்பாணக் காணி உறுதிகளில் 'கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும்' என்று எழுதப்பட்டிருப்பதைப் பெரியோர் அறிவர். ஆறில்லாத இக்குடாநாட்டில் தண்ணீரைப் பகிர்ந்து வாழ எம் முன்னோர் கண்ட முறை அது. பங்காளர் ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. நடக்க வழி உண்டு. தனி ஒருவர் கிணற்றைப் பூட்டவியலாது. ஆனால் கோடையில் கிணறு இறைத்துச் சேறு எடுக்கும் நாளில் பங்காளர் யாவரும் வரவேண்டும். உரிமையும் உழைப்பும் ஒன்றாகவே செல்லும்.

இணையத்திலும் எம்மவர் இத்தகைய பங்குக் கிணறுகளை வெட்டியிருக்கின்றனர். அவர்களின் பெயர்களைப் பெருங் கம்பனித் தலைவர்களின் பெயர்களைப்போல எம் மாணவர்கள் அறிந்திருக்கவில்லை என்பதே எமது கவலை.

கணினியில் தமிழ் என்பது தொடக்கத்தில் பெரும் சிக்கல். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். ஆயினும் ஆளுக்கொரு எழுத்துரு என்றிருந்தமையால் ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் வெறும் குறிகளாகத் தோன்றியது. எம் நாட்டில் 'பாமினி' எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை ஏராளம். அவற்றை உலகப் பொது முறையான யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகளை ஆக்கி இலவசமாக வழங்கியவர்களுள் ஒருவர் ஜெர்மனிக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன். அன்று அக்கருவிகளால் பயன்பெறாத ஈழத்து எழுத்தாளர் அரியர்.

1998 தைப்பொங்கல் நாளில் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' என்னும் முயற்சியைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த அன்பர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் பிழைதிருத்தியும் யாவருக்கும் பொதுவாக்கினர்.

வண்ணார்பண்ணையைச் சேர்ந்த இ. மயூரநாதன் தொழிலாற் கட்டடக்கலைஞர். வளைகுடா நாட்டில் பணிபுரிந்த அவர், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். முதற் காலத்தில் ஏறத்தாழத் தனியொருவராகவே எழுதினார். பின்னர் தமிழகத்தாரும் ஈழத்தாரும் புலம்பெயர்ந்தோரும் இணைந்தனர். 2017இல் அக்கலைக்களஞ்சியம் ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது தகுதியான சிறப்பே. விக்கிப்பீடியாவின் கணினிகளும் தொலைதேசத்தில்தானே உள்ளன என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆனால் அதிலுள்ள கட்டுரை எதனையும், ஏன் அனைத்தையுமே, எவரும் படியெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ள உரிமமே இடந்தருகிறது. படலையைப் பூட்டினாலும் நீர் எம்மிடம் இருக்கும்.

எரிந்ததும் எஞ்சியதும்

இவையனைத்திலும் எமக்கு மிக அண்மையானது நூலகம் நிறுவனம். மு. மயூரன், தி. கோபிநாத் ஆகிய இளைஞர்கள் 2005இல் தொடங்கிய இம்முயற்சி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒளிப்பிரதி செய்து இணையத்தில் வைத்து வருகிறது.

இதன் பெறுமதியை அறிய 1981ஆம் ஆண்டை நினைத்தாற் போதும். அவ்வாண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் மறுபிரதி இல்லாதவையும் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது ஒரே நாளில் அழியலாம் என்னும் பாடத்தை எம்மைவிடக் கொடிய முறையிற் கற்ற சமூகங்கள் சிலவே.

அவ்வாறிருந்தும் இன்று நாம் செய்வது யாது? எம் பிள்ளைகளின் படங்கள், கோயிற் திருவிழாக் காட்சிகள், பாட்டனார் சொன்ன ஊர்க்கதை யாவற்றையும் ஒரே கம்பனியின் சுவரில் மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். அது மீண்டும் ஒரே இடம், ஒரே பிரதி.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு

முகநூலைத் துறக்குமாறு நாம் கூறவில்லை. திண்ணையிற் கூடிப் பேசுவது நல்லதே. பேசி முடிந்தபின் காக்கவேண்டியதைக் காக்கவேண்டிய இடத்தில் வைப்போம்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அந்தியேட்டியன்று அச்சிட்டு வழங்கும் நினைவு மலரை எடுத்துக்கொள்வோம். அமரரின் வரலாற்றோடு ஊரின் வரலாறும் குடிவழியும் அதில் அடங்கியிருக்கும். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பினால் அது என்றும் வாசிக்கக் கிடைக்கும். பாடசாலை ஆண்டுமலர், சனசமூக நிலையத்து விழா மலர், பெட்டியடியிற் கறையான் தின்னும் பழைய சஞ்சிகை ஆகியவற்றுக்கும் இதுவே வழி. குடும்பப் படங்களை கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திராது, வேறு இரண்டு இடங்களிற் படியெடுத்து வைத்தல் ஒரு மாலைப்பொழுது வேலை.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று கூறுவோம். உங்கள் ஊர்க்குளம், உங்கள் ஊரில் வாழ்ந்த புலவர், வாசிகசாலை ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்து, நம்பத்தக்க நூல்களைத் தேடி, தமிழ் விக்கிப்பீடியாவில் நல்ல தமிழில் எழுதுங்கள். உங்கள் பிழையை யாரோ திருத்துவார். நீங்கள் இன்னொருவர் பிழையைத் திருத்துவீர்கள். பரீட்சைக்குப் படிப்பதைவிட அதிகமாக அதனாற் கற்பீர்கள்.

சந்திரசேகர பண்டிதரும் அவரோடு உழைத்தோரும் சொற்சொல்லாகச் சேர்த்தபோது தமக்கென எதனையும் பூட்டி வைக்கவில்லை. ஆதலினாலேயே அவ்வகராதி இன்றும் எமக்கு உதவுகிறது. எம் முறை இப்போது வந்திருக்கிறது. பங்கு வேண்டுமென்போர் சேறு எடுக்க வரத்தான் வேண்டும்.