மின்படகு: கடனுக்கு முன் ஒரு கணக்கு

வேம்பநாட்டுக் காயலின் ஒரு கரையில் வைக்கம். எதிர்க்கரையில் ஆலப்புழை மாவட்டத்தின் தவணக்கடவு. வைக்கம் என்றவுடன் நம்மில் பலருக்குப் பெரியாரும் 1924ஆம் ஆண்டுப் போராட்டமும் நினைவுக்கு வரும். படகுத் தொழிலில் இருப்போர்க்கு அவ்வூரை நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2017 ஜனவரியில் இவ்விரு கரைகளுக்கும் இடையே ‘ஆதித்யா’ என்னும் சூரியசக்திப் பயணிகள் படகு சேவைக்கு வந்தது. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைக்காகக் கட்டப்பட்ட அப்படகில் 75 பேர் பயணிக்கலாம்.

அதனை இயக்குபவை தலா 20 கிலோவாட் திறனுள்ள இரண்டு மோட்டார்கள் மட்டுமே. இவ்வளவு போதுமா என ஐயுறலாம். ஒடுங்கிய இரட்டை அடிப்பாகமும் நிதானமான வேகமும் அதனைப் போதுமானதாக்குகின்றன. நீரில் செல்லும் கலத்தின் வேகத்தை இரு மடங்காக்கினால், தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகிவிடும். ஆகவே குறுகிய தொலைவை நிதானமாகவும் அடிக்கடியும் கடக்கும் படகுக்கே பேட்டரி ஏற்றது. ஆதித்யாவின் கூரைத் தகடுகள் பகலெல்லாம் மின்சாரம் தருகின்றன. குறைவதை இரவில் துறையிலுள்ள மின் இணைப்பு ஈடுசெய்கிறது.

2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கொச்சி நீர் மெட்ரோ வேறு வழியைத் தேர்ந்தது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான அதன் 100 பேர் படகுகளில் லித்தியம் டைட்டனேட் வகை பேட்டரிகள் உள்ளன. எடையும் விலையும் கூடுதல்தான். ஆயினும் பயணிகள் ஏறி இறங்கும் இடைவெளியில், 10 முதல் 15 நிமிடங்களில் அவற்றுக்கு மின்னேற்ற முடியும். துணைக்கு டீசல் ஜெனரேட்டரும் இருப்பதால் இவற்றைக் கலப்பு வகைப் படகுகள் என்பர்.

விரைவாக மின்னேற்றுவதற்கு விலை உண்டு. 100 யூனிட்டைக் கால் மணி நேரத்தில் ஏற்ற 400 கிலோவாட் வேண்டும். அதையே இரவில் எட்டு மணி நேரத்தில் ஏற்ற 12.5 கிலோவாட் போதும். முன்னதற்கு உயர் அழுத்த இணைப்பு, மின்மாற்றி, படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதந்தோறும் செலுத்த வேண்டிய தேவைக் கட்டணம் ஆகியவை சேரும். படகுக்கு விலைப்புள்ளி பெறும் வாடிக்கையாளர்கள், துறையில் ஆகும் இச்செலவுக்கும் தனியே ஒரு விலைப்புள்ளி பெற்று வருவது நலம்.

மின்படகின் முதலீடு பெரிது, ஓட்டச் செலவு சிறிது. எனவே நாள்தோறும் பல நடை செல்லும் படகே டீசல் மிச்சத்தில் தவணையைக் கட்டும். ஆண்டில் மூன்று மாதப் பருவத்தை மட்டும் நம்பும் உல்லாசப் படகுக்கு நான் தயக்கத்துடனேயே பரிந்துரைப்பேன். கடன் காலம் பேட்டரியின் உத்தரவாதக் காலத்தைத் தாண்டக்கூடாது என்பதும் என் கருத்து. பழைய கடன் முடியுமுன் புதிய பேட்டரிக்கு மறுகடன் கேட்கும் நிலை எவருக்கும் வேண்டாம்.

மீன்பிடி விசைப்படகுகளையும் இவ்வாறு மாற்றலாமா எனக் கேட்போர் உண்டு. ஒரு லிட்டர் டீசல் இயந்திரத்தின் வழியே ஏறத்தாழ மூன்று யூனிட் வேலையைத் தருகிறது. அதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதே மூன்று யூனிட்டைச் சேமிக்க 20 முதல் 30 கிலோ பேட்டரி வேண்டும். நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் படகில் அத்தனை எடையை ஏற்றினால், மீனுக்கும் பனிக்கட்டிக்கும் இடம் மிஞ்சாது.