இழந்த மூக்கு மீண்டும் உருப்பெறும்

‘மூக்கறுபட்டான்’ என்றால் மானமிழந்தான் என்பதே நம்மவர் வழக்கு. இது வெறும் வாய்ச்சொல்லன்று. 1656ஆம் ஆண்டளவில், திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், மதுரை நாட்டினுள் புகுந்த மைசூர்ப் படையினர் அகப்பட்டோரின் மூக்கை அறுத்தனர். வரலாற்றில் அது ‘மூக்கறு போர்’ என்றே பெயர் பெற்றது. இன்று அத்தகைய படைகள் இல்லை. ஆயினும், மாக் மண்டின் தொழிற்பேட்டைக்கு மோட்டார் சைக்கிளில் விரைவோரும், தோட்டங்களில் கூரிய கருவிகளோடு உழைப்போரும் விபத்துக்குள்ளாகி மூக்கின் ஒரு பகுதியை இழக்க நேரலாம். முகத்தை மறைத்துக்கொண்டு வாழ்வதுதான் இனி விதி என அவர்கள் எண்ண வேண்டியதில்லை.

மூக்கை மீண்டும் அமைக்கும் கலை மேனாட்டிலிருந்து நமக்கு வந்ததன்று. கன்னத் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. நெற்றித் தோலைக் கொண்டு செய்யும் முறையை உலகறியச் செய்தவர் கவாஸ்ஜி என்னும் மராட்டிய வண்டிக்காரர். ஆங்கிலேயர் படையில் மாட்டு வண்டி ஓட்டிய அவர் 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர் புதிய மூக்கமைத்தார். முதலில் மெழுகால் மூக்கின் வடிவம் செய்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்தார். அத்தோலைப் புருவங்களுக்கிடையே சிறு இணைப்போடு விட்டு அறுத்து, கீழே திருப்பிப் பொருத்தினார். தோல் ஒட்டுவதற்கு வெற்றிலையோடு நாமறிந்த காசுக்கட்டியே பூசப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில் இணைப்பு அறுக்கப்பட்டது. 1794இல் இலண்டன் இதழொன்றில் இச்செய்தி வெளியாயிற்று. அதைக் கற்ற கார்ப்பியூ என்னும் மருத்துவர் 1814இல் இலண்டனில் அவ்வாறே செய்து வெற்றி கண்டார். செங்கல் அறுப்பவரின் பெயரை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை!

இன்றும் பெரிய இழப்புகளுக்கு நெற்றித் தோலே முதலிடம் பெறுகிறது. அதன் நிறமும் தடிப்பும் மூக்கின் தோலோடு ஒத்துப்போகும். புருவத்தருகே ஏறும் இரத்தக் குழாய் அதற்கு உயிரூட்டும். காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்த குருத்தெலும்பு உள்ளே தூணாக நிற்கும். ‘பிளாஸ்டிக் அறுவை’ என்ற பெயரைக் கேட்டு, பிளாஸ்டிக் மூக்கு வைப்பார்களோ என அஞ்சுவோர் உண்டு. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு வடிவமைத்தல் என்பதே பொருள்.

புருவத்துக்கும் மூக்குக்கும் இடையே பாலம்போல் தோல் நிற்கும் ஏறத்தாழ மூன்று வாரங்களே மிகக் கடினமானவை. கண்ணாடியைப் பார்க்கவே மனம் கூசும். ஆயினும் புதிய இரத்த ஓட்டம் ஏற்படுமுன் அவ்விணைப்பை அறுத்தல் ஆகாது. இக்காலத்தில் புகைபிடித்தால் இரத்தக் குழாய் சுருங்கி, ஒட்டிய தோல் மடிந்துபோகக்கூடும். வடிவத்தைச் சீர்செய்யச் சில மாதங்களுக்குப் பின் மற்றோர் அறுவையும் தேவைப்படலாம்.

வெளிக்காயம் இல்லாத அடியையும் அலட்சியம் செய்யலாகாது. அடிபட்டபின் மூக்கடைத்து உள்ளே வீங்கியிருந்தால், நடுச்சுவரில் இரத்தம் தேங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டி அதனை வெளியேற்ற வேண்டும். இல்லையேல் குருத்தெலும்பு சில நாள்களில் அழிந்து மூக்குத்தண்டு குழிந்துவிடும். குழந்தைகளிடம் இது எளிதில் கவனிக்கப்படாமல் போகும்.

துண்டுபட்ட பகுதி கிடைத்தால் எறிந்துவிடாதீர். ஈரமான தூய துணியில் சுற்றி, பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, காயமுற்றவரோடு உடனே கொண்டு செல்க. பனிக்கட்டி அதன்மேல் நேரே படக்கூடாது. சொக்சோவில் பதிவுபெற்ற தொழிலாளர், வேலையிடத்தில் மட்டுமன்றி வீட்டுக்கும் வேலைக்கும் இடையே வழக்கமான பாதையில் அடிபட்டாலும் அதன் பாதுகாப்பைக் கோரலாம். உறுப்புச் சீரமைப்பு அறுவையும் அதன் மறுவாழ்வு உதவிகளுள் அடங்கும். விபத்தை முதலாளியிடம் காலந்தாழ்த்தாது தெரிவித்து, மருத்துவச் சான்றுகளைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்க.