பாதங்கள் கற்கும் பாடம்

மனிதனின் நடத்தையை உருவாக்குவது பிறவிக்குணமா, சமுதாயமா என்னும் வினா பழமையானது. இரண்டிற்கும் பங்கு உண்டு என்பதே இன்றைய உளவியலின் விடை. ஆனால் சமுதாயம் தன் பங்கைச் செலுத்தும் முறையை நாம் பல வேளைகளில் தவறாக எண்ணுகிறோம். அது முதலில் கருத்துகளை மனத்தில் பதித்து, பின்னர் நம்மைச் செயலுக்கு நடத்துகிறது எனக் கருதுகிறோம். பெரும்பாலும் செயலே முந்துகிறது, கருத்து பின்தொடர்கிறது.

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பெற்றோருடன் நடக்கும் சிறுபிள்ளையை எண்ணிப் பார்ப்போம். மிதியடியைக் கழற்றவும், மலையை வலப்புறமாகக் கொண்டு நடக்கவும், எட்டு இலிங்கங்களின் முன்பும் கைகூப்பவும் அது கற்கிறது. சைவ சித்தாந்தத்தை எவரும் அதற்கு விளக்குவதில்லை. பொருள் பல ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்குகிறது. குழந்தையின் உயர்ந்த மனச்செயல்கள் முதலில் மனிதரிடையே நிகழ்ந்து, பின்னரே அதன் உள்ளத்தில் இடம்பெறுகின்றன என்று சோவியத் உளவியலார் வைகோட்ஸ்கி (1896–1934) இதனைக் கோட்பாடாகவே வகுத்தார்.

சாதியும் இவ்வாறே கற்கப்படுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்திலுள்ள தென்முடியனூரில், அம்மன் கோயிலுக்குள் செல்லத் தலித் மக்கள் பல பத்தாண்டுகளாக இடம்பெறவில்லை. சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எனினும் 2023 ஜனவரி 30ஆம் நாளன்றுதான், மாவட்ட ஆட்சியர் முன்னிற்க, காவல்துறையின் பாதுகாப்புடன் அவர்கள் உள்ளே சென்று வழிபட்டனர். ஆதிக்கச் சாதியார் எதிர்ப்புத் தெரிவித்தனர். சட்டத்திற்கும் அந்நாளுக்கும் இடையே 76 ஆண்டுகள்! அவ்வாண்டுகளில் ஒரு தெருவின் பிள்ளை தான் எங்கே நின்றுவிடவேண்டும் என்பதைக் கற்றது. மறு தெருவின் பிள்ளை யாரைத் தடுக்கலாம் என்பதைக் கற்றது. எந்தப் பாடநூலும் இதைக் கற்பிக்கவில்லை.

ஆயினும் பழக்கம் விதியன்று. அன்று படியேறியவர்களும் அதே ஊரில் வளர்ந்தவர்களே. சமுதாயம் மனிதனை உருவாக்குகிறது. மனிதனும் சமுதாயத்தைத் திருத்தி அமைக்க வல்லவன்.

இதைக் கோயிலின் குறை என்று கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், தென்னிந்தியாவின் ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் எனப் பணித்தார். பலர் பணிவதை விடுத்துச் சபையையே விட்டு நீங்கினர். கட்டளை தாளில் இருந்தது. பழக்கமோ பந்தியிலும் மணவுறவிலும் வேரூன்றியிருந்தது. சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் இன்றும் தமிழகத்தில் உண்டு.

திடப்படுத்தல் வகுப்பில் கிறிஸ்துவுக்குள் யாவரும் ஒன்றே எனக் கற்கும் பிள்ளை, தன் பாட்டனாரின் அடக்கத்தன்று கல்லறைச் சுவரைக் காணுமானால், எப்பாடம் அதன் உள்ளத்தில் நிலைக்கும்? ரோமர் நிருபத்தின் 12ஆம் அதிகாரம், மனம் புதிதாவதைக் கூறுமுன், சரீரங்களை ஒப்புக்கொடுப்பதைக் கூறுகிறது. இவ்வரிசை ஆயர்களாகிய நம் சிந்தனைக்குரியது. அசனப் பந்தியில் யார் அருகே யார் அமர்கின்றனர், யாருடைய வீட்டில் நாம் உணவருந்துகிறோம், இறந்தோரை எங்கே அடக்கம் செய்கிறோம் என்பனவும் நம் பிரசங்கங்களே. பிள்ளைகள் அவற்றையே முதலில் கற்கின்றனர்.