மானின் உருவம்: வம்சமா? மேய்ச்சலா?



டாப்சிலிப் சுற்றுலா போனவங்க புள்ளிமானையும் கடமானையும் பார்த்திருப்பீங்க. வளர்ந்த ஆண் புள்ளிமான் சுமார் 70 முதல் 90 கிலோ இருக்கும். ஆண் கடமானோ 200 கிலோவைத் தாண்டும். ஒரே காடு, ஒரே மழை. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

1. மரபணு: இரண்டும் வேறு வேறு இனங்கள். ஒரு விலங்கு எவ்வளவு தூரம் வளரலாம் என்ற எல்லையைத் தாய் தகப்பனிடமிருந்து வரும் மரபணு வகுக்கிறது. எவ்வளவு புல் போட்டாலும் புள்ளிமான் கடமான் ஆகாது.

2. தீனி: அந்த எல்லையை எட்டுமா என்பதை மேய்ச்சல்தான் தீர்மானிக்கிறது. காங்கேயம் மாடு வளர்க்கிற எங்க அப்பாரு, "நல்ல மாட்டுக்கு நல்ல கன்னுதான் பொறக்கும், ஆனா கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு இல்லாட்டி ஒடம்பு வைக்காது"ன்னு சொல்லுவாருங்க. மானுக்கும் அதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து செம்மான்களை நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதுவரை மானே மேயாத காடு அது! அங்கே பிறந்தவை சொந்த ஊர் மான்களைவிடப் பெரிதாக வளர்ந்தன. கூட்டம் பெருகித் தழையெல்லாம் தீர்ந்ததும் பல இடங்களில் மறுபடி சிறுத்துவிட்டன. கொம்பும் அப்படித்தான். மான் கொம்பு விழுந்து விழுந்து முளைப்பதால், தீனி குறைந்த வருடம் சிறிதாக முளைக்கும்.

3. காலம்: மேய்ச்சல் பல ஆயிரம் ஆண்டுகள் சுருங்கியே இருந்தால் மரபணுவும் மாறும். பிரான்சு அருகே உள்ள ஜெர்சி, ஆதிகாலத்தில் கடல் உயர்ந்து தனித்தீவானது. அங்கே சிக்கிய செம்மான்கள் 6000 ஆண்டுகளுக்குள் ஆறில் ஒரு பங்கு எடையாகக் குறுகியதை எலும்புகள் காட்டுகின்றன. குறைந்த தீனியில் பிழைக்கத் தெரிந்த சிறிய மான்களே அதிகம் குட்டி போட்டன.

நம்ம காடு எப்படி இருக்கு?

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் லண்டானா என்கிற உண்ணிச்செடி புதர்புதராகப் பரவியிருக்கிறது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த செடி. மான் அதை விரும்பித் தின்னாது. அதன் நிழலில் புல்லும் சரியாக வளராது. வனத்துறை வேரோடு பிடுங்கி வருகிறது. ஆனாலும் பறவைகள் பழத்தைத் தின்று விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

நண்பர்களே! மானுக்கு வம்சத்தை நாம் தர முடியாது. புல்லைக் காப்பாற்ற முடியும். உங்க வீட்டு வேலியில் உண்ணிச்செடி இருந்தால், காய் பழுக்கும் முன் வேரோடு பிடுங்குங்க!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி