விரல் தடம் பதிந்த வெண்கலம்

மெரினாவின் உழைப்பாளர் சிலையைக் கொஞ்சம் நெருங்கி நின்று பாருங்கள். பாறையை நெம்பும் அந்த நால்வரின் முதுகும் தொடையும் வழவழப்பாக இல்லை. களிமண்ணை அப்பி அழுத்தியபோது விழுந்த மேடுபள்ளம் வெண்கலத்தில் அப்படியே நிற்கிறது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக 1929 முதல் 1957 வரை இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவேலை அது. 1959 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்டது. உடற்கூறு பிசகாமல் இருந்தால் மட்டும் போதாது, சுமக்கும் பாரம் தோலிலேயே தெரிய வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் வழி அது.

இத்தகைய சிலையில் சிற்பியின் கை படுவது மண்ணில்தான். அதன்பின் நடப்பதெல்லாம் அந்தத் தடத்தைக் காப்பாற்றும் வேலை. இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் மண்ணை ஏற்றி உருவம் முடிந்ததும், அதன்மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுப்பார்கள். பண்ருட்டியின் மண் பொம்மைகளும் அச்சில் பிறப்பவைதான். அந்த அச்சில் வார்த்த பிளாஸ்டர் உருவம் கைக்கு வந்ததும் மண் உருவத்தின் வேலை முடிந்தது.

அடுத்து மெழுகு. பிளாஸ்டர் உருவத்திலிருந்து எடுத்த அச்சின் உட்புறம் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகைப் படரவிட்டு, நடுவே தீ தாங்கும் கலவையை நிரப்புவார்கள். பெரிய சிலை உள்ளே பொள்ளலாகத்தான் இருக்க வேண்டும். கனத்த வெண்கலம் ஆறும்போது ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்திச் சுருங்கி விரிசல் விடும். உலோகம் இறங்கவும் காற்று வெளியேறவும் மெழுகுக் குச்சிகள் பொருத்தி, வெளியேயும் கலவை பூசிச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன இடுக்கில் சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் உருகிய வெண்கலம் பாயும்.

சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அங்கே வார்ப்புக்குப் பிறகுதான் உளி நகையையும் மடிப்பையும் கூர்மையாக்கும். இங்கே உளி அடங்கிப் போக வேண்டும். குச்சிகளை அறுத்த இடத்திலும், தனித்தனியாக வார்த்த பகுதிகளை ஒட்டிய இடத்திலும் வெறுமனே ராவி மழுப்பினால் சிலை செத்துவிடும். சிற்பியின் கட்டைவிரல் எப்படிப் போயிருக்கும் என்று யூகித்து, வார்ப்புக்காரர் அந்தப் பள்ளத்தை மறுபடி வெட்டி எடுக்க வேண்டும். பெயர் பொறிக்கப்படாத இந்தக் கைகளுக்கும் சிலையில் பங்குண்டு.

கடைசியில் ரசாயனம் பூசிச் சூடேற்றி நிறம் கொடுப்பார்கள். பிளாஸ்டர் உருவம் பத்திரமாக இருந்தால் இன்னொரு வார்ப்பும் எடுக்கலாம். புது தில்லியில் தேசிய நவீனக் கலைக்கூட வளாகத்திலும் இந்த நால்வர் பாறையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.