வாசலில் ஒரு கணக்கு!

"15 புள்ளி. ஊடுபுள்ளி. 8-இல் நிறுத்து!"

மார்கழி வந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல வீட்டு வாசல்களில் கேட்கிற பேச்சு இது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரமும் இதற்கு விலக்கு அல்ல. நடுவரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும், இரண்டு புள்ளிக்கு இடையே ஒன்றாக 14. பிறகு 13. இப்படிக் குறைந்துகொண்டே போய் இருபுறமும் 8-இல் நிற்கும். தரையில் அறுகோணம் ஒன்று உருவாகிவிடும்!

மொத்தம் எத்தனை புள்ளி?

ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஒருபக்கத்தை மட்டும் பாருங்கள். 14-ம் 8-ம் 22. 13-ம் 9-ம் 22. 12-ம் 10-ம் 22. மிச்சம் 11. ஆக 77. இரண்டு பக்கமும் சேர்ந்தால் 154. நடுவரிசை 15-ஐயும் கூட்டினால் 169.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 169 என்பது 13 தடவை 13. அதாவது, அறுகோணமாக நிற்கும் இதே புள்ளிகளை, வரிசைக்கு 13 வீதம் 13 வரிசையாக அடுக்கினால், ஒன்று கூடாமல் குறையாமல் சதுரமாகவும் நிற்கும்! எல்லா ஊடுபுள்ளிக் கோலத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. இதற்கு அடுத்தபடி இப்படி அமைகிற அறுகோணக் கோலம் வேண்டுமானால், நடுவரிசையில் 209 புள்ளி வைக்க வேண்டும். மொத்தம் 32,761 புள்ளி. அதற்குத் தெருவே போதாது!

"எனக்குக் கணக்கு வராது"

இவ்வளவையும் அளவுகோல் இல்லாமல், விரல் இடுக்கில் மாவை வைத்துக்கொண்டு போடுகிற பெண்களில் பலர், "எனக்குக் கணக்கே வராது" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கை வைத்துச் சொல்கிற பேச்சு அது. ஒரு புள்ளி தவறினால் கோலமே கெட்டுவிடும். தவறாமல் போடுகிறார்களே, அது கணக்கு இல்லாமல் வேறு என்ன?

ஸ்ரீபெரும்புதூர் வைணவ ஆசாரியர் ராமானுஜர் அவதரித்த ஊர். கோயிலும் ஏரியும் வயலுமாக இருந்த வட்டாரம். அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகின. மின்னணுச் சாமான்கள் செய்யும் ஆலைகளில் இளம் பெண்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியவர்கள் பலர். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கு விடியற்காலை என்பது தூங்கும் நேரம். வாடகை வீடுகளிலோ, பல குடும்பத்துக்கு ஒரே வாசல். கடையில் ஸ்டிக்கர் கோலம் கிடைக்கிறது. ஒட்டினால் வேலை முடிந்தது! அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டுகிற கை, எண்ணுவதில்லை.

கல்லூரிக்குப் போன கோலம்

ஒரகடத்திலிருந்து வண்டலூர் வழியாகப் போனால் தாம்பரம். அங்குள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. இவருடைய மனைவி ராணி சிரோமணியும் கணிதப் பேராசிரியை. இவர்கள் இருவரும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு. சில விதிகளைக் கொடுத்துவிட்டால் சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தைப் படிப்படியாக வளர்க்கலாம் என்று காட்டினார்கள். கம்ப்யூட்டர் அப்போது சாதாரண ஜனங்கள் கண்ணிலேயே படாத பொருள்!

கோலம் போடுகிறவர்கள் அதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் சிரோமணி ஆராய்ந்தார். முழுப் படமாக அல்ல. இங்கே வளை, இங்கே சுற்று, இங்கே திரும்பு என்று கையின் அசைவுகளை வரிசையாக நினைவில் வைக்கிறார்கள் என்று கண்டார். சிரோமணி 1988-இல் காலமானார். அவர் கவனித்தது அமெரிக்கக் கணித நூலாசிரியை மார்சியா ஆஷர் வரை எட்டியது. 2002-இல் அவர் தமிழ்நாட்டுக் கோலத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்.

ஒரே கம்பியா, இரண்டு கம்பியா?

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒன்று. நேர்ப்புள்ளியாக 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி வையுங்கள். சிக்குக் கோலம் போடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கம்பி குறுக்காக வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஓரத்தில் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும். கை எடுக்காமல், தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஒரே கம்பி!

இப்போது 2 வரிசை, 2 புள்ளி. ஒரே கம்பியில் முடியாது. இரண்டு வேண்டும். 3-க்கு 3 என்றால் மூன்று கம்பி. 3-க்கு 4 என்றால் மறுபடி ஒன்று. 4-க்கு 6 என்றால் இரண்டு.

இரகசியம் என்ன? இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் பெரியது எதுவோ, அத்தனை கம்பி! பள்ளியில் 'மீப்பெரு பொதுக் காரணி' என்று சொல்லித்தந்தார்களே, அதே பேர்வழிதான். எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமலே பலர் படித்த பாடம்.

இந்தப் பேர்வழி கார் ஆலைக்குள்ளும் இருக்கிறான். ஒன்றோடு ஒன்று சுழலும் இரண்டு பல்சக்கரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதற்கு 12 பல், பெரியதற்கு 36 பல். பெரிய சக்கரத்தின் ஒரு பல், ஒவ்வொரு சுற்றிலும் சின்ன சக்கரத்தின் அதே பல்லையே சந்திக்கும். ஒரு பல்லில் சிறு பிசிறு இருந்தால், அது அடித்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும். 12-ஐ 13 ஆக்கினால்? 13-க்கும் 36-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். தேய்மானம் எல்லாவற்றுக்கும் பங்காகும். அதனால் சக்கரம் வடிவமைப்பவர்கள், முடிந்தவரை இப்படிப்பட்ட எண்களையே தேடுகிறார்கள். ஒரே கம்பியில் கோலம் முடிவதும் இதே காரணத்தால்தான்!

காலண்டரிலும் உண்டு

சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பி.கே.சீனிவாசன், வீட்டுக் காலண்டரையே கணக்கு விளையாட்டாக்கிப் புத்தகம் எழுதியவர். கணித மேதை சீனிவாச ராமானுஜன் நினைவாக 1993-இல் ராயபுரத்தில் காட்சியகம் அமைத்தவரும் அவரே. 2005-இல் மறைந்தார்.

நீங்களும் மாதக் காலண்டரை எடுங்கள். மேலிருந்து கீழாக மூன்று, பக்கவாட்டில் மூன்று என்று ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டுங்கள். நடுவில் இருப்பது 15 என்றால், ஒன்பதையும் கூட்டினால் 135. அதாவது 15-ஐப் போல ஒன்பது மடங்கு. எந்த மாதத்திலும், எந்தக் கட்டத்திலும் இது பொய்க்காது. பிள்ளைகள் கூட்டி முடிப்பதற்குள் நீங்கள் விடை சொல்லி அசத்தலாம்!

ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22, மார்கழியில்தான் வருகிறது. தேசிய கணித நாளும் அதுவே. அன்று வாசலில் போட ஒரு கோலம்: நேர்ப்புள்ளி, 6 வரிசை, வரிசைக்கு 9 புள்ளி.

எத்தனை கம்பி? மூன்று. சந்தேகம் இருந்தால் மூன்று கலர் மாவில் போட்டுப் பாருங்கள்.